எது காஞ்சிருச்சு?

கீரனூரில் பிளெஸ்ஸியைப் 'பிளாஸ்டிக் கம்பெனிப் பொண்ணு' என்பார்கள். குடமா, வாளியா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. அவள் கலப்பது, உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்க்ரூவுக்கான பிளாஸ்டிக் குருணை. இரண்டு வகை: கெட்டியாக ஒன்று, இளக்கமாக ஒன்று. இரண்டையும் உருக்கிச் சேர்த்துச் செய்த ஸ்க்ரூ, எலும்பு கூடும்வரை தாங்கிவிட்டு உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். ஆனால் உருக்கும் முன் குருணை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு உருக்கினால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பலம் மட்டும் போய்விடும்.

அன்று காலை ஷிஃப்ட் மாறும்போது, இரவு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கார்முகில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "காஞ்சிருச்சுக்கா, பஸ்சு வந்துரும், நான் போறேன்" என்று ஓடினான். அவள் குருணையை மெஷினில் கொட்டினாள்.

மறுநாள் அவனே கேட்டான். "நேத்து குருணைய எப்பக்கா காய வச்சீங்க?"

"நீதானடா காஞ்சிருச்சுன்ன?"

"நான் மெஷினத்தானக்கா சொன்னேன்! தோசக்கல்லு காயிற மாதிரி, சூடேறிருச்சுன்னு."

பிளெஸ்ஸிக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்க்ரூக்கள் தயாராகிவிட்டன. சோதனைக்கு எடுத்த ஒன்றிரண்டும் எப்படியோ தேறிவிட்டன. இனிப் பெட்டிகள் ஆஸ்பத்திரிகளுக்குக் கிளம்ப வேண்டியதுதான். வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடுமே என்று பயந்தாள். ஆனால் யாரோ ஒருவர் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைப்பதை நினைத்ததும், அதைவிடப் பெரிய பயம் வந்தது. மேலாளர் ரம்யாவின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்தப் பெட்டிங்கள அனுப்பாதீங்க. கார்முகில் மெஷினு காஞ்சிருச்சுன்னத தப்பா எடுத்துக்கிட்டு ஈரக் குருணையப் போட்டுட்டேன்."

ரம்யா ஒரு பெட்டியைப் பிரித்து, கைக்கு வந்த ஸ்க்ரூவைக் குறட்டில் பிடித்துத் திருகினார். படக்கென்று இரண்டாகிவிட்டது. அவர் முகம் வெளுத்தது. திட்டவில்லை. "இனிமே ரெண்டு பேரும் எது காஞ்சதுன்னு சேத்துச் சொல்லுங்க" என்றார்.

வேலை தப்பியது. பஸ்ஸில் வரும்போது பிளெஸ்ஸி அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் கணவன் ஜஸ்டின் கட்டுமாவடிக் கடற்கரையிலிருந்து வந்த மீனுக்கு மசாலா தடவி, சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தான். "பிளெஸ்ஸி, எண்ண காஞ்சிருச்சு. போடட்டுமா?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். போன மாதமும் ஒருநாள் கார்முகில் பையை மாட்டிக்கொண்டு இதே சொல்லைத்தான் சொல்லிவிட்டு ஓடினான்.

போனை எடுத்தாள். "மேடம்... போன மாசம் போன பெட்டிங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சுங்க?"