இலைக்குள் ஒரு ஃபிட்டர்

ஆடு எதிரே வந்தால் அமல்தாஸ் ஒதுங்கி வழி விடுகிறார். தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர், ஆறடி ஆள். பக்கத்து வீட்டு யோகேஸ்வரி சும்மா இருப்பாரா?

"என்னண்ணே, ஆட்டுக்கு இவ்ளோ மரியாத?"

"அது வைட்டமின் சியைத் தன் ஒடம்புலயே செஞ்சுக்குது லா. நமக்கு அந்த வேலையில கடைசி நட்டு கழண்டு போச்சு. அதான் ஆரஞ்சு வாங்கித் திங்கிறோம்."

"ஒங்களுக்கு எந்த நட்டு கழண்டிச்சுன்னு எஸ்டேட் லயத்துக்கே தெரியும்."

எல்லாம் மகள் பவுலின் சொல்லிக் கொடுத்தது. தேயிலை வைட்டமின் சியை எப்படிச் செய்கிறது என்று கோலாலம்பூரில் ஆராய்ச்சி செய்கிறாள். இலைக்குள் வேலை பார்க்கும் நொதிகள் சில சமயம் தப்பான சரக்கைச் செய்துவிடுமாம். அதைச் சரிசெய்யவே இன்னொரு நொதி இருக்கிறதாம். கேட்டதும் அமல்தாஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப எலைக்குள்ளயும் ஒரு ஃபிட்டர் இருக்கான்."

தொழிற்சாலை இரைச்சலில் அவர் பேசுவதில்லை. பழுதை நீக்கியதும் ஒரு விரலைத் தூக்கிச் சுழற்றுவார். மிஷின் ஓடும். பேரன் பிறந்ததிலிருந்து அந்த விரல் வீட்டிலும் சுழல்கிறது, ஒவ்வொரு முறை துணி மாற்றிவிட்டதும்.

பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்த பவுலினின் லீவு போன வாரம் முடிந்தது. ஆய்வுக்கூடத்துப் பெரிய கருவி அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். விடியலில் பறித்த கொழுந்தை ஐஸ் பெட்டியில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். கணவன் டெஸ்மண்ட் காரை எடுத்தான். பிள்ளை தாத்தாவிடம். வழியில் இருக்கும் ரிங்லெட் ஊரைத் தாண்டுவதற்குள் புட்டிப்பால் குடிக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுவாள். அதுதான் பேச்சு.

பிள்ளை உதட்டைப் பூட்டிக்கொண்டான். அமல்தாஸ் பாலைச் சூடாக்கினார், பாடினார், மிஷின் மாதிரி உறுமினார். அழுகை கூடியது. ரிங்லெட்டிலிருந்து போன் வந்தது.

"அப்பா, குடிச்சானா? இல்லன்னா வந்துடறேன். எல கெட்டா கெடட்டும்."

"நில்லும்மா அங்கயே. பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

வாசலில் யோகேஸ்வரி மூக்கைப் பொத்தினார். "அண்ணே, ஒங்க மேல கிரீஸ் வாட. அம்மா வாட இல்லாம புள்ள எப்படிக் குடிக்கும்?"

அமல்தாஸ் தன் சட்டையை முகர்ந்தார். நாற்காலியில் பவுலின் கழற்றிப் போட்ட ரோஸ் கலர் ஸ்வெட்டர் கிடந்தது. நெஞ்சில் பூ வேலை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அதற்குள் புகுந்தார். அக்குளில் தையல் படபடவென்று விட்டது, ஸ்வெட்டர் கை முழங்கையோடு நின்றுவிட்டது. பிள்ளை பூவில் மூக்கைத் தேய்த்தான். அழுகை நின்றது. உதடு திறந்தது. யோகேஸ்வரி நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி போன். இந்தத் தடவை திரையில் பவுலினின் முகம்.

"அப்பா... அது என் ஸ்வெட்டரா?"

மார்பில் பிள்ளை தூங்கிவிட்டிருந்தான். அமல்தாஸ் காலிப் புட்டியைத் திரைமுன் கவிழ்த்துக் காட்டினார். பிறகு ஒரு விரலைத் தூக்கிச் சுழற்றினார்.