பிராக்குக்குப் போற வழியிலை ஒரு கோட்டையூர்

பஸ்ஸிலை சனத்தை ஏத்திக்கொண்டு போய் ஊர் காட்டுறவனுக்கு, காட்டுற ஊரைவிடப் பஸ்ஸுக்குள்ளை இருக்கிற ஊர்தான் பெரிய கரைச்சல். உங்களிலை ஆரும் இந்த வேலையிலை மாட்டுப்பட்டிருந்தால் நான் சொல்லுறது விளங்கும்.

தொண்ணூறுகளிலை இத்தாலியிலை, பலெர்மோ நகரத்திலை, பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா அம்மா வீட்டிலை எனக்கு வீட்டுவேலை. கோடை லீவிலை மட்டும் எங்கடை சனத்தைச் செக் நாட்டிலை பிராக் நகரத்துக் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவன். அதுக்கு முதல்நாள் ஒரு சின்னக் கோட்டையூரிலை தங்கல். ஒருமுறை அந்த ஊர் வழிகாட்டிக்குக் காய்ச்சல். இத்தாலியன் துண்டுப்பிரசுரம் ஒண்டை வைச்சு நானே விளங்கப்படுத்த வேண்டியதாப் போச்சு.

கோட்டை

ஆறு வளையிற இடத்திலை, பாறைக்கு மேலை முதல் ஒரு பிரபு கோபுரம் கட்டினாராம். பேரன் அதை அரண்மனையாக்கினார். வாரிசு இல்லாமல் வேறை குடும்பத்துக்குப் போய், கடைசியிலை அரசாங்கம் எடுத்தது. படியெல்லாம் ஏறி, மூச்சு வாங்க வாங்க இவ்வளவையும் சொல்லி முடிச்சன். பஸ்ஸிலை வந்தவை முக்கால்வாசிப் பேரும் வீட்டு வேலை செய்யிறவை. பலெர்மோவிலை பிரான்காச்சோப் பக்கம் இருக்கிற ஒரு அக்கா என்னைப் பாக்கவே இல்லை, ஜன்னலுகளை எண்ணிக்கொண்டு நிண்டா.

"தம்பி, இவ்வளவு கண்ணாடியும் ஆர் துடைச்சது? ஒரு ஆளெண்டால் பாவம்."

கொள்ளைநோய்த் தூண்

சந்தைச் சதுக்கத்திலை மாதா நிக்கிற ஒரு உயரத் தூண். கொள்ளைநோய் நிண்டதுக்கு நன்றியா ஊர்ச்சனம் வைச்சது. நான் சொல்லி முடிக்கேல்லை, மன்னார்ச் சனம் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை தொடங்கியிட்டுது. எங்கடை சைவக்காரர் செருப்பைக் கழட்டிப்போட்டுச் சுத்தத் தொடங்கிச்சினம். ஒரு பொலிஸ்காரன் வந்து நிண்டு பாக்கிறான். எனக்கெண்டால் வேர்த்துக் கொட்டுது. பலெர்மோவிலை பல்லரோச் சந்தையிலை மீன் விக்கிற செல்வராசா அண்ணையைக் கையிலை பிடிச்சு இழுத்தன். மனுசன் கையை உதறினார்.

"சனத்தைக் காப்பாத்தின அம்மா எண்டு நீர்தானே சொன்னனீர்? பிறகு சுத்தாமல் என்ன செய்யிறது?"

பாலத்துக் குருவானவர்

அண்டைக்குக் காலமை அந்தோனி அண்ணை என்னை ஹொட்டேல் வாசலிலை மறிச்சார். அவற்றை மனுசி றோஸ் அக்கா. அவவின்ரை தாய் மன்னாரிலை கடும் வருத்தம். அவ சுகப்படவேணும் எண்ட நேர்த்திக்குத்தான் ரெண்டு பேரும் வந்தது. "மாமி மோசம் போட்டா. செத்த தகவல் முந்தநாள் வந்தது. பிராக்குக்குப் போய்ச் சேருமட்டும் றோஸுக்குத் தெரியவேண்டாம். ஹொட்டேலுக்குப் போன் வந்தால் நீ எடு" எண்டார். கண் கலங்கியிருந்தது. நானும் ஓம் எண்டிட்டன்.

பின்னேரம் கடைசியாப் பாலம். அதிலை ஒரு குருவானவரின்ரை சிலை. "ராணி பாவசங்கீர்த்தனத்திலை இவரிட்டை ரகசியமாச் சொன்ன பாவத்தைச் சொல்லெண்டு ராசா கேட்டான். இவர் வாய் திறக்கேல்லை..." எண்டு தொடங்கினன். முன்னாலை றோஸ் அக்கா நிக்கிறா. கதையை அதோடை நிப்பாட்டிப்போட்டன். அதுக்காக ராசா அவரை ஆத்துக்குள்ளை தள்ளிக் கொண்டதைச் சொல்லேல்லை. "எல்லாரும் போய்க் கோப்பி குடியுங்கோ" எண்டன். றோஸ் அக்கா மட்டும் போகேல்லை.

"தம்பி, நேற்று நானும் கொழும்பிலை இருக்கிற சொந்தக்காரருக்குப் போன் எடுத்தனான். அம்மா போனது தெரியும். இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நான் தாங்கமாட்டன் எண்டு மூண்டு நாளாச் சாப்பிடாமல் கிடந்து நடிக்கிறார். நாளைக்குக் குழந்தை இயேசுவுக்கு முன்னாலை ரெண்டுபேருமா அழுதுகொள்ளுறம்."

அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் அந்த ஊருக்குப் போட்டன், ஆனால் அந்தப் பாலத்துக்கு வந்தால், "இவர் ஒரு புனிதர், படம் எடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு நடையைக் கட்டியிடுவன்.