ரொமானாவின் சோப்புக் கட்டி

அக்டோபர் வந்தால் எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெண்கள் எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெரோகி பிடிப்போம். மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் உருளைக்கிழங்கு மசியலை வைத்து, மடித்து ஓரத்தை விரலால் அழுத்தி மூட வேண்டும். மூடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மூடல் சரியில்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீரில் வாய் பிளந்து பானை முழுக்கக் கூழாகிவிடும்.

என் அக்கா லெசியாவின் மூத்த மகள் ரொமானா சின்ன வயதிலிருந்தே அந்த மேசையில் உட்காருவாள். அவள் மூடியது ஒன்றுகூடப் பிளந்து நான் பார்த்ததில்லை. அந்த வருடம் பிளந்தது.

பானையில் கரண்டி விட்டுக்கொண்டிருந்த பரஸ்காக் கிழவி கத்தினாள்.

"யாருடி இந்தத் தட்டைப் பிடிச்சது? செத்த மீனாட்டம் வாயைப் பொளந்துக்கிட்டு மிதக்குது!"

"நான்தான் பாட்டி" என்றாள் ரொமானா.

"நீயா! ஊரு வாயை எல்லாம் பார்க்கப்போற பல் டாக்டரம்மாவுக்கு ஒரு பெரோகி வாயை மூடத் தெரியலையே!"

எல்லாரும் சிரித்தோம். ரொமானாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நான் அவள் மடியைப் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரல், அவளைக் கேட்காமல், பியானோ வாசிப்பது போலத் தட்டிக்கொண்டிருந்தது. வலது கையால் அதை அமுக்கிக்கொண்டு அடுத்த மாவை எடுத்தாள்.

அந்த விரலை எனக்குத் தெரியும். அது அவள் அப்பா ஒரெஸ்டின் விரல்.

ஒரெஸ்டின் குடும்பமான ஹ்னாட்யுக் வீட்டில் அந்த ஆட்டம் பழையது. ஒரெஸ்டின் அப்பாவுக்கு அறுபதைத் தாண்டி வந்தது. கடைசியில் கையும் காலும் மட்டுமில்லை, புத்தியும் ஆடிப் போய்ச் செத்தார். நரம்புத் தளர்ச்சி என்றார்கள். ஒரெஸ்டுக்கு நாற்பத்தைந்தில் வந்தது. கோதுமை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் ஓட்டுவதை விட்டான். ஊர் அவன் குடிக்கிறான் என்றது. டாக்டரிடம் போகச் சொன்னால் சண்டைக்கு வருவான். லெசியாவிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "ஹ்னாட்யுக் ஆம்பளைங்களுக்கு வயசானா கை ஆடும். அவ்வளவுதான்."

ஆம்பளைகளுக்கு என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாகப் பெண்ணே பிறக்கவில்லை, அதனால் அப்படி நினைத்துக்கொண்டார்கள். லெசியா பெற்ற இரண்டும் பெண். அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள்.

ரொமானா அப்போது சாஸ்கட்டூன் நகரப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பட்டத்தை முடிக்கக்கூட வேண்டாம். மூன்று வருடம் உயிரியலும் வேதியியலும் நல்ல மதிப்பெண்ணில் முடித்து, பல் மருத்துவ நுழைவுத் தேர்விலும் நேர்காணலிலும் தேறினால் நேராகக் கல்லூரியில் இடம். எங்கள் ஊரில் பல் டாக்டரே கிடையாது. பல்வலி வந்தால் பனியில் பாதி நாள் வண்டி ஓட்ட வேண்டும். அதனால் அந்த இடம் அவளுக்கு மட்டுமில்லை, ஊருக்கே கிடைக்கப்போவதாக நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தேர்வில் ஒரு பகுதி சோப்புச் செதுக்குவது. ஒரு சோப்புக் கட்டி, ஒரு கத்தி, ஒரு அளவுகோல். படத்தில் காட்டிய முக்கோணத்தையும் உருளையையும் அரை மணி நேரத்தில் அப்படியே செதுக்க வேண்டும். முனை மழுங்கக் கூடாது, பக்கம் மேடுபள்ளமாக இருக்கக் கூடாது. பல்லில் வேலை செய்யப்போகிறவளுக்குக் கை நிற்கிறதா என்று பார்ப்பதற்கு.

வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவாள். வீடே சலவைக்கடை மாதிரி மணக்கும். ஒருநாள் முட்டைக்கோஸ் உருண்டை கொடுக்கப் போனேன். செதுக்கியதைப் பார்த்தால் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. சட்டென்று உடைந்தது.

"ஹீட்டர் காத்துல சோப்பு காஞ்சு போகுது" என்றாள் லெசியா. "ஈரத்துணியில சுத்தி வைன்னேன், கேட்டாளா?"

"சுத்தித்தான் வச்சேம்மா."

"அப்ப காபியைக் குறை. கண்ணைப் பாரு, தூங்கின மாதிரியா இருக்கு?"

காபியைக் குறைத்தாள். சோப்பை மாற்றினாள். நிலவறையில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் உடைந்தன. செதுக்குகிற வலது கையில் குற்றமில்லை. பிடித்துக்கொண்டிருந்த இடது கைதான் திடீரென்று இறுக்கியது. லெசியா ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

பழைய நாட்காட்டிப்படி ஜனவரியில்தான் எங்கள் கிறிஸ்துமஸ். ஒரெஸ்ட் வீட்டில்தான் சாப்பாடு. வீட்டுத் தலைவன் தேன் கலந்த கோதுமையை ஒரு கரண்டி எடுத்துக் கூரையில் எறிய வேண்டும், ஒட்டினால் வருடம் நன்றாக இருக்கும். ஒரெஸ்ட் எறிந்தான். கை பாதியில் வெட்டி இழுத்ததில் கோதுமை நேராக மெழுகுவர்த்தியில் விழுந்து அதை அணைத்தது.

"கூரையைத்தான் பார்த்தேன், மெழுகுவர்த்தி குறுக்க வந்துருச்சு" என்றான். சின்னவள் நாத்யா மட்டும் சிரித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது.

அப்போதுதான் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. மேசைக்கு அடியில் யாரோ ஓடுகிற மாதிரி இருந்தது. ஒரெஸ்டின் காலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரொமானாவின் காலும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன.

"ரயில் போகுது போல" என்றாள் லெசியா.

எங்கள் ஊரில் தண்டவாளத்தைப் பிடுங்கிப் பல வருடம் ஆகிறது.

பாத்திரம் கழுவும்போது நான் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"வாயை மூடுடி ஹான்யா. பரீட்சை முடியட்டும்."

"பரீட்சை முடிஞ்சா கால் ஆடுறது நின்னுருமா?"

"அது ஆம்பளைங்களுக்கு வர்றது!" தட்டைத் தொட்டியில் போட்ட வேகத்தில் அது இரண்டாகப் போனது. "உனக்கு எப்பவும் என் வீட்டுல ஒரு ஓட்டையைப் பார்க்கணும்."

பிப்ரவரியில் தேர்வு. லெசியாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, ஒரெஸ்ட் வண்டியைத் தொடக் கூடாது, அதனால் நான்தான் கூட்டிப்போனேன். உறைந்த பார்க்கிங்கில் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன். வெளியே வந்தவள் கோட்டு முன்பக்கமெல்லாம் வெள்ளைத் தூள்.

"உடையலை சித்தி."

"எப்படி?"

"சோப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு செதுக்கினேன். ஆடினா நானும் சோப்பும் சேர்ந்துதானே ஆடுவோம்?"

கெட்டிக்காரிதான். ஆனால் அடுத்தவன் வாயை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள முடியுமா? கேட்க நினைத்தேன். அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

மே மாதம் இடம் கிடைத்துவிட்டது. சர்ச்சில் கேக் வெட்டினார்கள். பரஸ்காக் கிழவி எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து காட்டினாள். "இந்த ஒத்தைப் பல்லை உனக்குன்னே காப்பாத்தி வச்சிருக்கேன்டி!" லெசியா அழுதாள். ஒரெஸ்ட் கை தட்டினான், மற்றவர்கள் தட்டி முடித்த பிறகும் அந்தக் கை நிற்கவில்லை.

ஜூலையில் ஒருநாள் நான் ஊறுகாய்க்கு வெள்ளரி கழுவிக்கொண்டிருந்தேன். ரொமானா தனியாக வந்தாள். கையில் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி. சீனியர் யாரோ கொடுத்ததாம்.

"உக்காந்து வாயைத் திறங்க சித்தி. யாரையாவது பார்த்துப் பழகணும்."

"பூண்டு தின்னிருக்கேன், செத்துப்போவே."

"பரவாயில்லை, திறங்க."

திறந்தேன். கண்ணாடி உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு என் கடைவாய்ப் பல்லில் அது தட்டியது. டிக். நின்றது. டிக், டிக், டிக்.

கண்ணாடியைப் பிடித்திருந்தது வலது கை.

அவள் அதை வெளியே எடுத்தாள். "கேட்டுச்சா?"

"என் பல்லுடி. எனக்குக் கேட்காம?"

"அம்மாகிட்ட போனா காபின்னு சொல்லுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. அதான் இங்க வந்தேன்." கண்ணாடியைத் துடைத்தாள். "தாத்தாவுக்கு அறுபது. அப்பாவுக்கு நாற்பத்தஞ்சு. எனக்கு இருபத்தொண்ணு. அப்பா வழியா வந்தா இன்னும் சீக்கிரமா வருமாம். மூணு வருஷம் உயிரியல் படிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? சோப்பு உடையாம இருந்தா அது இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன். வேற ஒண்ணுமில்லை."



"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் டாக்டராகி, ஊசியோட வந்து நின்னா, வாயைத் திறப்பீங்களா?"

எத்தனை பொய் சொல்லியிருக்கலாம். வெள்ளரித் தண்ணீர் கையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாட்டேன்டி."

தலையாட்டினாள். என் வீட்டு ஃபோனிலேயே கல்லூரிக்குப் பேசி இடத்தை விட்டுக்கொடுத்தாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அடுத்து ஒரு டாக்டரைக் கூப்பிட்டாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போன அன்று ஒரெஸ்ட் தானாக வந்து என் வண்டியின் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வழி முழுக்க மகளின் கையைப் பிடித்திருந்தான். யார் கை ஆடியது என்று சொல்ல முடியாது. பல வாரம் கழித்து, நேரில் உட்காரவைத்துத்தான் பதில் சொன்னார்கள். ஆண் பெண் பார்க்காத அந்தப் பரம்பரை நோய் இரண்டு பேருக்கும் இருந்தது.

லெசியா என்னோடு பேசுவதில்லை. நான் 'மாட்டேன்' என்று சொன்னதால்தான் இடம் போனதாம்.

ரொமானா நாலாவது வருடம் படித்துப் பட்டத்தை முடிக்கப்போகிறாள். அதற்குப் பிறகும் ஒரு படிப்பு வைத்திருக்கிறாள். இந்த மாதிரி ரத்தம் கொடுக்க வருகிற குடும்பங்களோடு உட்கார்ந்து, என்ன வரும், யாருக்கு வரும் என்று எடுத்துச் சொல்லுகிற வேலைக்கான படிப்பு. "அதுக்குக் கை வேண்டாம் சித்தி, வாய் இருந்தா போதும்" என்றாள். எத்தனை வருடத்துக்கு வாய் இருக்கும் என்று இரண்டு பேரும் பேசவில்லை.

மறுபடி அக்டோபர் வந்தது. ரொமானா கிழங்கு மசிக்கிற இடத்துக்கு மாறிக்கொண்டாள். அவள் பழைய நாற்காலியில் நாத்யா உட்கார்ந்து வேகவேகமாகப் பிடித்துத் தள்ளினாள். அவள் தட்டைப் பரஸ்காக் கிழவி பானையில் கவிழ்த்தாள். அன்றைக்குக் கிழவிகூட வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் தண்ணீரையே பார்த்தோம். ரொமானா கிழங்கு மசிக்கும் கட்டையைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

பெரோகிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஓரத்தில் மிதந்த ஒன்று மெல்ல வாய் பிளந்தது.

"தண்ணி ரொம்பக் கொதிக்குது" என்று லெசியா அடுப்பைக் குறைத்தாள்.