பட்டை உரித்த மரம்

அந்த வீட்டுக்குள் மரம் பட்டையோடுதான் வரவேண்டும். அகப்பைக்காரி வைத்திருந்த ஒரே சட்டம் அது. பாத்திரம் கழுவாமல் கிடக்கலாம், துணி மடிக்காமல் கிடக்கலாம், லாரியோடு போன கணவர் சொன்ன நாளில் திரும்பாமல் இருக்கலாம். அதற்கெல்லாம் அவள் வாய் திறக்கமாட்டாள். பட்டை உரித்த கட்டையை யாராவது கொண்டுவந்து போட்டால் மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். பட்டைதான் மரத்தின் முகம், முகம் தெரியாத ஆளை அடுப்படிவரை விடலாமா என்பது அவள் கட்சி.

மரச்சாமான் பட்டறை ஒன்றில் உப்புத்தாள் தேய்க்கப் போனவள் அவள். கழிவுத் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து பொழுதுபோக்காகக் கரண்டி குடையத் தொடங்கினாள். பட்டறையை மூடியபோது அதுவே பிழைப்பாகிவிட்டது. அபாரமான கைத்திறன் என்று சொல்வதற்கில்லை. அவள் செய்த கரண்டிகளின் காம்பு பெரும்பாலும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். ஆனால் அடிப்பக்கத்தை அவள் சீவும் விதத்தில், சட்டியின் மூலையில் பிடித்த பருக்கைகூட ஒரே இழுப்பில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவளுக்கென்று நாலு பேர் தேடி வந்தார்கள் என்றால் அதனால்தான்.

விற்பது அவள் வேலையல்ல. அதற்குக் கணவரின் தங்கை இருந்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் கிடந்து, ஒருத்தியை ஒருத்தி நாள் முழுக்கக் குத்திக் காட்டிக்கொண்டு, சேர்ந்தே சாப்பிடுவார்கள். "எங்க அண்ணிக்கு மரத்தோட மட்டுந்தான் பேச வரும், மனுஷங்களுக்கு நான்" என்று நாத்தனார் வாங்க வருகிறவர்களிடம் சொல்வாள். அது உண்மையும்கூட.

அந்த மாதம் அகப்பைக்காரியின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பட்டை சீவும்போதுதான் வலி உயிரை எடுக்கும். குழந்தைகளுக்கு ஊட்டுகிற சின்னக் கரண்டி கையிருப்பில் ஒன்றுகூட இல்லை. ஒரு மாலை அவள் உள்ளே வந்தபோது, பணிமேசைமேல் வெளுத்த, வழுவழுப்பான கழிகள் சில கிடந்தன. நாத்தனார் எங்கிருந்தோ கொண்டுவந்து, கொல்லையில் உட்கார்ந்து, ஒரு பொட்டுப் பட்டை இல்லாமல் உரித்து வைத்திருந்தாள். அண்ணியின் கைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான்.

அகப்பைக்காரி ஒரு கழியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் தக்கைபோல மெத்தென்ற சோறு, சுற்றிலும் இளமஞ்சள் மரம். கொய்யாவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். எந்த மரம் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் திருப்பி அனுப்ப வேண்டிவரலாம். நாத்தனாரின் விரல்களிலோ கத்தி கீறிய கோடுகள். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. அவள் கேட்கவில்லை. தெரியாமல் செய்வது ஒன்று. தெரிந்துவிடுமோ என்று கேட்காமல் இருப்பது வேறொன்று. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் கழிகளில் மூன்று சின்னக் கரண்டிகள் தேறின.

ஞாயிறன்று சந்தை கூடியதுமே ஓர் இளம் தகப்பன் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றான். பல் முளைக்கிற வயது. குழந்தையின் தாடையெல்லாம் எச்சில். நாத்தனார் ஒரு சின்னக் கரண்டியை எடுத்து நீட்டியதும் குழந்தை அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. "பாருங்க, முதலாளி ருசி பார்த்துட்டுத்தான் வாங்குவாராம்" என்றாள் அவள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அகப்பைக்காரியும் சிரித்தாள். தகப்பன் காசைக் கொடுத்துவிட்டு, மறுகையில் தூக்கிவந்திருந்த அடுப்போடு ரிப்பேர் கடைக்கு வழி கேட்டுக்கொண்டு போனான்.

பக்கத்துக் கடை செடிக்காரருடையது. வாங்கியவர் கைச்சுமைக்கு அடங்கவேண்டும் என்று ஒரு தொட்டிச் செடியின் தடித்த கிளையை அவர் வெட்டினார். துண்டு உருண்டு அகப்பைக்காரியின் காலடிக்கு வந்தது. வெட்டுவாயில் மெத்தென்ற சோறு, சுற்றிலும் இளமஞ்சள். குனிந்து எடுத்து முகர்ந்தாள். வாரம் முழுக்க அவள் மேசையில் இருந்த அதே பச்சை வாடை. வெளிப்பக்கம் சாம்பல் நிறப் பட்டை, அதில் ஒட்டிக்கொண்டு ஒரு நீண்ட இலை.

அரளி.

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"அந்தக் கழியெல்லாம் எங்கேருந்து எடுத்தே?"

"ஏன் அண்ணி? பெரிய கேட்டு வீட்டுல மதில் ஓரமா வெட்டிப் போட்டிருந்தாங்க."

"அதுல பூ இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரோஸ் கலர்ல, கொத்துக் கொத்தா..." சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது. அண்ணியின் கையிலிருந்த கிளையை அப்போதுதான் பார்த்தாள்.

மிச்சம் இரண்டு கரண்டியையும் யார் கையிலும் கொடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு அகப்பைக்காரி ஓடினாள். ஓடிப் பழக்கமில்லாத உடம்பு. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, இடித்துக்கொண்டும் இடிபட்டுக்கொண்டும் போனாள். அடுப்பு ரிப்பேர்காரர் தலையைத் தூக்காமலே, கைக்குழந்தைக்காரர் அடுப்பை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்துப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். குழந்தை வாயில் கரண்டி இருந்ததா என்று கேட்டாள். அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார். அதை யார் கவனித்தார்கள்?

நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றிருந்தது. படியில் ஒரு கால் வைத்திருந்தவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். அவனேதான். கரண்டி குழந்தை வாயில் இல்லை. அவன் சட்டைப்பையில் இருந்தது. நுனியெல்லாம் பல் பதிந்திருந்தது.

அவளை அடையாளம் தெரிந்ததும் அவன் கீழே இறங்கினான். "நானே வரணும்னு நெனச்சேங்க. கசக்குது போல. கொஞ்ச நேரம் கடிச்சான், அப்புறம் மூஞ்சியச் சுளிச்சுத் துப்பிட்டான். வேற ஒண்ணு குடுத்துடுங்க, போதும்."

போதும் என்றான். கடையில் உட்காரும்போது மாதிரி காட்ட மடியில் செருகிக்கொள்கிற மாமரக் கரண்டி ஒன்று அப்படியே இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டால் பஸ் போய்விடும், சந்தை நடக்கும், அவள் பேர் நிற்கும். குழந்தைக்கு ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கொய்யாவாக இருக்கலாம் என்றதும் அதேதான்.

"அது அரளிக் கட்டை தம்பி" என்றாள். "விஷம். பிள்ளைய உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நானும் வரேன்."

நிறுத்தத்தில் நின்ற பாதிப் பேருக்கு அது கேட்டது. அவர்களில் அவளிடம் வழக்கமாகக் கரண்டி வாங்குகிற டீச்சரும் இருந்தார். தகப்பன் குழந்தையை மாரோடு இறுக்கிய இறுக்கத்தில் அது வீரிட்டு அழுதது.

ஆட்டோவில் குழந்தை ஒரு தடவை வாந்தி எடுத்தது. அகப்பைக்காரி முந்தானையில் ஏந்தினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கரண்டியை வாங்கிப் பார்த்தார், எவ்வளவு நேரம் வாயில் இருந்தது, துண்டு ஏதும் உள்ளே போனதா என்று கேட்டார். குழந்தையின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இதயத் துடிப்பைச் சாயங்காலம்வரை பார்க்கவேண்டும் என்றார்கள்.

வெளியே பெஞ்சில் ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து அவன் அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது." முந்தானைக் கறையை மடித்துக்கொண்டு, "கேக்கல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

அவன் பெஞ்சை விட்டு எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டான்.

பொழுது சாயும்போது டாக்டரம்மா வந்து, துடிப்பு சீராக இருக்கிறது, கசப்புதான் பிள்ளையைக் காப்பாற்றியது, கூட்டிப்போகலாம் என்றார். அதற்குள் தாய் வந்திருந்தாள். முந்தானையில் வாந்திக் கறையோடு நிற்கும் அந்நியப் பெண்ணைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றாள். அகப்பைக்காரி தலைகுனிந்து காத்திருந்தாள்.

"கரண்டி செய்றவங்க" என்றான் அவன். அதற்குமேல் அங்கே அவன் எதுவும் சொல்லவில்லை. அது மன்னிப்பா, களைப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கடையை அப்போதே கட்டிவிட்டாள். இரண்டு கரண்டியையும் ஒடித்துக் குழி தோண்டிப் புதைத்திருந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் அழுகை பீறிட்டது. "நான்தான் அண்ணி உரிச்சேன்."

"நீ உரிச்சே. செதுக்கினது யாரு? நகரு, துணி மாத்தணும்."

விஷயம் சந்தை முழுக்கப் பரவிப் பல வாரங்கள் அவர்கள் கடைப்பக்கம் ஈ காக்கைகூட வரவில்லை. டீச்சர் இன்றுவரை வரவில்லை. மற்றவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அவள் செய்கிற ஒவ்வொரு கரண்டியிலும் காம்பின் நுனியில் நகத்தின் அகலத்துக்குப் பட்டையை அப்படியே விட்டுவைக்கிறாள். அழகுக்கு என்று நினைத்துப் பாராட்டுகிறவர்கள் உண்டு. அழுக்கு மாதிரி இருக்கிறது, சீவிக் கொடுங்களேன் என்று கேட்கிறவர்களும் உண்டு. அப்போதெல்லாம் நாத்தனார் வாயை மூடிக்கொண்டு அண்ணியைப் பார்ப்பாள்.

"அது இருக்கட்டும்" என்பாள் அகப்பைக்காரி. "வேணாம்னா கரண்டிய வெச்சுட்டுப் போங்க."