எங்கள் கிணறு முதலாம் பிள்ளையான நாள்

எங்கள் கிணற்றை நினைத்து நான் வெட்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. கிண்ணியாவிலிருந்து தோணியில் போய்ச் சேரும் சின்னத் தீவு எங்களுடையது. மாதந்தோறும் நீர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வருவார். தண்ணி மிஸ் என்போம். கயிற்றில் கட்டிய மீற்றரை ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் இறக்கி, அதில் விழும் எண்ணைச் சத்தமாக வாசிப்பார். பின்னால் ஓடித் திரியும் பிள்ளைகள் எங்களுக்கு அது பரீட்சைப் புள்ளி. ஆகக் கூடிய புள்ளி எடுக்கும் கிணறுதான் வகுப்பில்போல முதலாம் பிள்ளை. எங்கள் கிணறு எப்போதும் ஆகக் குறைந்த புள்ளி எடுத்துக் கடைசியாக வரும். அதைக் கேட்டு உம்மா ஏன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார், ஊரெல்லாம் ஏன் பெருமையடிக்கிறார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

எனக்கு மூத்தவள், ராத்தாவின் கலியாணம் வந்தது. கத்தாரிலிருந்து வந்த மாமா, உம்மா வாளியால் அள்ளுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஒரு மோட்டரை வாங்கிவந்து பூட்டினார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நாங்கள் குழாயடியில் போட்ட கும்மாளத்துக்கு அளவே இல்லை. பந்தல் போட வந்தவர்கள் குளித்தார்கள், பக்கத்து வீட்டு ஆடும் குளித்தது.

விருந்துக்கு முதல்நாள் காலையில் மாமா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டீங்களா?"

உம்மா வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாகத் தண்ணி மிஸ் வரும் நாளும் அதுதான். மீற்றர் இறங்கியது. இதுவரை எந்தக் கிணறும் எடுக்காத புள்ளி! மிச்சக் கதையைக் கேட்க எனக்கு ஏது பொறுமை? "எங்கட கிணறுதான் முதலாம் பிள்ளை!" என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் எல்லோர் முகமும் தொங்கிக் கிடந்தது.

"நல்ல தண்ணி மேலால மெல்லிசாத்தான் கிடக்கு அக்கா," என்றார் மிஸ். "மோட்டர் உறிஞ்சினா அடியில கிடக்கிற கடல்தண்ணி ஏறத்தான் செய்யும். கொஞ்ச நாளைக்குத் தொடாம விடுங்கோ, தானாத் திரும்பும்."

"நாளைக்கு விருந்து மிஸ்! தோணியெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரை ஏத்தப் போகுது, தண்ணி கொண்டுவரத் தோணி ஏது? எந்தத் தண்ணியில புரியாணி ஆக்குற?" என்று உம்மா தலையில் கை வைத்தார்.

அக்கம்பக்கத்தில் கேட்கலாமே என்றார் மாமா.

"ஏலாது," என்றார் உம்மா. "எந்த முகத்தோட கேக்குற? ஆருக்கும் மூச்சு விடாதீங்க."

மற்றவர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் தீவே எங்கள் வாசலில் நின்றது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம், ஒரு வாளி. உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வீட்டு மாமி மட்டும், "ஒங்கட கிணறு முதலாம் பிள்ளையாமே!" என்று உம்மாவின் கன்னத்தைக் கிள்ளினார். உம்மா அழுதுகொண்டே சிரித்தார். புரியாணி ஆக்கும் பெரிய கிடாரம் நிறைந்தது. மாப்பிள்ளை வீட்டார் புரியாணியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்கள்.

நான் புதுச் சட்டையோடு கிணற்றடியில் நின்று, வாளியோடு வந்த ஒவ்வொருவரையும் பெருமை பொங்க வரவேற்றேன். முதலிடம் எடுத்த கிணற்றைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு எப்படி வருவார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.