அண்ணையின் வலது கணுக்கால்

எங்கள் அண்ணை எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் அயலவருக்கும் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல தாள் கிடைக்காதபடியால் கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அச்சடித்திருக்கிறோம். எழுதுகிற நானும் ஆறாம் வகுப்போடு நின்றவள். இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை பண்டத்தரிப்பில் பிறந்தவர். எங்கள் ஐயா வெங்காயத் தோட்டம் செய்தவர். ஐயா நேரத்தோடு கண்ணை மூடியதும் அண்ணை படிப்பை விட்டு, மானிப்பாய்ப் பக்கம் ஒரு மரக்காலையில் வேலைக்குச் சேர்ந்தார். மரம் அரிந்து விற்கும் இடத்தை நாங்கள் மரக்காலை என்போம். வெளிநாட்டில் இருந்து படிக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். என்னைக் கலியாணம் கட்டிக் கொடுத்த பிறகுதான் அவர் தன் கலியாணத்தைப் பற்றி யோசித்தார். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். எதற்கும் பயப்படவும் மாட்டார். வீட்டுப் பயம் முழுவதையும் எனக்கே தந்துவிட்டுப் பிறந்தவர்போல இருந்தார். சண்டைக் காலத்தில் ஹெலி சத்தம் கேட்டால் நான் பங்கருக்குள், பதுங்கு குழிக்குள் இருப்பேன். அவர் மேலே நின்று, "பயந்தாங்கொள்ளி, தேத்தண்ணி ஆறுது, வா" என்று கூப்பிடுவார்.

கரண்ட் நின்ற பிறகு மரக்காலையில் மெசினும் நின்றுவிட்டது. கையால்தான் வாள் இழுத்தார்கள். ஒரு நாள் அடுக்கியிருந்த பனங்குற்றிகளில் மேலே கிடந்தது உருண்டு, அண்ணையின் வலது கணுக்காலில் விழுந்தது. நான் ஓடிப் போனபோது பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியாரிடம் கொண்டுபோய்ப் பத்துப் போடுவோம் என்றார் ஒருவர்.

"உந்தக் காலைப் பாத்தும் பத்து எண்டு சொல்லுறியளே? பெரியாஸ்பத்திரிக்கு விடுங்கோ" என்று அண்ணையின் மனைவி, என் மச்சாள், சொன்னார். அவ்வளவு கதைக்காத மனுசி அன்று கதைத்தார். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி அண்ணையைக் கிடத்தினோம். ஒவ்வொரு குழியிலும் நான்தான் கத்தினேன், அவர் கத்தவில்லை.

எலும்பு உடைந்து மூட்டு விலகியிருக்கிறது, தகடு வைத்து ஆணி இறுக்க வேண்டும் என்றார் டொக்டர். "இரத்த ஓட்டம் குறைவாக் கிடக்கு. கெதியாச் செய்யாட்டில் காலுக்கு வில்லங்கம்" என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் நின்றது. ஒப்பரேசன் தியேட்டருக்கு ஜெனரேற்றர் போட்டார்கள். நானும் மச்சாளும் வெளியே விறாந்தையில் இருந்தோம். அந்த விறாந்தை முழுவதும் காயப்பட்ட ஆட்கள். காலோடு வந்து கால் இல்லாமல் திரும்பும் பிள்ளைகளை அங்கே கண்ணால் கண்டேன். விரல் மடக்கித் தேவாரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்து வந்த அற்றெண்டன், "மரக்காலை... ஆர் ஆக்கள்?" என்று கேட்டார்.

தினமும் அண்ணையின் வாயால் கேட்ட சொல்தான். அன்று அந்த இடத்தில் எனக்கு மரத்தால் செய்த கால்தான் கேட்டது. "ஐயோ, என்ரை அண்ணையின்ரை காலை எடுத்துப் போட்டினமே!" என்று நெஞ்சில் அடித்து விழுந்தேன். மச்சாளும் குழறத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்களும் எங்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அற்றெண்டன் பதறிப் போனார். "அம்மா, மரக்காலையிலை வேலை செய்யிற ஆளின்ரை ஆக்களைத்தானே கேட்டனான்! மரம் விக்கிற மரக்காலை! கால் உள்ளை பத்திரமாக் கிடக்கு, வந்து பாருங்கோ."

அழுத பெண்களே சிரித்தார்கள். அந்த விறாந்தை அன்று அப்படிச் சிரித்தது. மயக்கம் தெளிந்து விசயத்தை அறிந்த அண்ணை, "சும்மா ஒரு மரக்கால் கிடைக்கும் எண்டு பாத்தன், பிள்ளை. உதையும் கெடுத்துப் போட்டாய்" என்றார். குரலே வரவில்லை, பகிடி மட்டும் வந்தது.

வீட்டுக்கு வந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த காலம் நல்ல காலம் என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. நினைத்த நேரம் போய்ப் பார்க்கலாம், அவர் அங்கே இருப்பார்.

மாவுக்கட்டை வெட்டிய பிறகுதான் உண்மையான கரைச்சல் வந்தது. கால் மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. ஊன்றலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணை ஊன்றவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றார். மச்சாள் கெஞ்சினார், ஏசினார், பிறகு விட்டுவிட்டார். ஒரு பின்னேரம் நான் தனியே பக்கத்தில் இருந்தபோது அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு. வைச்சால் உள்ளை ஆணி எல்லாம் கழண்டுபோம் போலை கிடக்கு."

அண்ணை தனக்குப் பயம் என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் பயம் என்பது எனக்குப் பழகிய விசயம் அல்லவா.

"அண்ணை, எனக்குக் கிணத்தடிக்குப் போகவும் பயம்தான். பயம் போகட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் என்ரை வீட்டிலை ஒருத்தரும் குளிச்சிருக்க மாட்டினம். பயத்தோடையே வையுங்கோ. நான் அப்பிடித்தான் நடக்கிறன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப இவ்வளவு காலமும் நீதான் வீரியோ?" என்று சிரித்தார். சிரித்தபடியே என் தோளைப் பிடித்துக் காலைக் கீழே வைத்தார். அந்தப் பாரம் என் தோளில் இறங்கியது இன்றும் எனக்குத் தெரிகிறது.

சித்திரை வெயில் தணிந்ததும் மரக்காலைக்குப் போனார். குற்றி தூக்கவில்லை, மரம் அளந்து கொடுத்தார். கொஞ்சம் சாய்ந்த நடைதான். சந்நிதி கோயிலுக்கு நான் வைத்த நேர்த்திக்காக என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு தொண்டைமானாறு வரை மிதித்தார். எதிர்க்காற்று. நான் வழி முழுக்க அந்தக் கால் ஏறி இறங்குவதையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"நோகுதோ அண்ணை?"

"நீ கேக்கேக்கை எல்லாம் நோகுது."

அந்தக் கரியரில் இன்னொரு முறை இருக்க வேண்டும் என்று மனம் கிடந்து அந்தரிக்கிறது. சைக்கிள் வீட்டில் நிற்கிறது. என் மகன்தான் அதை ஓடுகிறான். என்னையும் ஏறச் சொல்கிறான். ஏற மனம் வரவில்லை.

போன வருடம் ஒரு விடியற்காலை நெஞ்சுநோ என்றார். மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கால் என்றால் நான் ஆயிரம் யோசித்து வைத்திருந்தேன். நெஞ்சைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அன்று அண்ணையின் காலைக் காப்பாற்றிய டொக்டருக்கும் தாதிமாருக்கும், பேர் தெரியாத அந்த அற்றெண்டனுக்கும், லாண்ட்மாஸ்டர் ஓடியவருக்கும், எங்களோடு விறாந்தையில் அழுத பெண்களுக்கும், செத்தவீட்டில் பந்தல் போட்டு, சமைத்து, சுடலை வரை வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அண்ணையைக் குளிப்பாட்டிக் கிடத்தி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட அயல்வீட்டுக்காரர் ஒருவர் குனிந்தார். நான் என்னை அறியாமல், "அது வலது கால். ஆறுதலாக் கட்டுங்கோ, நோகும்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓம் பிள்ளை" என்று சொல்லி, நோகாமல் கட்டினார். அவருக்கும் நன்றி.