தவாவைத் தூக்கிய லினெட்

ரூக் ஹில் மேட்டிலுள்ள பப்பின் சுவரில் ஓர் ஆணி உண்டு. மேட்டில் வீடுகள் எழும்பிய காலத்திலேயே அடித்தது. தோசை மாதிரியான பான்கேக்கைத் தவாவில் ஏந்திப் பெண்கள் ஓடும் ஆஷ்லிபரி ஊரின் பான்கேக் ஓட்டத்தில் எந்தப் பகுதி ஜெயிக்கிறதோ, அந்தப் பகுதி பப்பில் பரிசுச் செம்புத் தவா ஓராண்டு தொங்கும். ரூக் ஹில் ஆணியில் இதுவரை தொங்கியது, யாரோ மறந்துவிட்டுப் போன மழைக்கோட்டு மட்டும்தான்.

இந்த வருடமும் அதுதான் கதி என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். மேட்டுக்காக ஓடும் பெண் ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பை உடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பதில் யார் என்று பப் முதலாளி டெரன்ஸ் கேட்டபோது, அத்தனை பேரும் தங்கள் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். கையைத் தூக்கியவர் லினெட் பாப்ஜாய். வயது அறுபதைத் தாண்டியாயிற்று.

"உங்க முட்டி தாங்குமா?" என்றார் டெரன்ஸ்.

"முட்டி என்னோடது. நீ ஆணியைத் துடைச்சு வை."

கை தூக்குவது லினெட்டுக்குப் புதிதல்ல. அவர் பிழைப்பே அதுதான். ஊரின் ஒரே தொடக்கப்பள்ளி மேட்டில் இருக்கிறது. அதன் வாசலில் மஞ்சள் கோட்டு மாட்டி, நீளக் கம்பில் வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்து, வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுகிறார். பலகை மேலே இருக்கும்வரை பால் வண்டியும் அசையாது, மேயர் வண்டியும் அசையாது. அவர் "இப்ப வரலாம்" என்று சொல்லாமல் எந்தப் பிள்ளையும் நடைபாதை விளிம்பைத் தாண்டாது. கீழே பழைய ஊரில் பிறந்தவர்களும் சின்ன வயதில் பஸ் ஏறி வந்து அவர் கையால் கடந்தவர்கள்தான்.

ஆனால் பழைய ஊருக்கு மேட்டைக் கண்டால் இளக்காரம். கல் வீடும் தேவாலயமும் தங்களிடம், ஒரே அச்சில் வார்த்த வீடும் குப்பைத் தொட்டி வரிசையும் மேட்டில் என்று பேசுவார்கள். இந்த முறை அவர்களுக்காக ஓடுபவள் இமோஜென் ஹார்டிங், வீடு விற்றுக்கொடுக்கும் தரகர், தினமும் விடியலில் ஆற்றங்கரையில் ஓடுகிறவள். பாப்ஜாய் அம்மாவுக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம் என்று அவள் சொன்னதாகச் சேதி மேடேறி வந்தது. லினெட் அன்றிலிருந்து பள்ளி வாசலில் ஆள் இல்லாத நேரமெல்லாம் வெறும் தவாவில் பழைய பான்கேக்கைப் போட்டுத் தூக்கித் தூக்கிப் பிடித்தார்.

தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் வந்தது. சந்தைத் திடல் பிதுங்கியது. ஓடும் பெண்களுக்கு ஏப்ரன், தலைத்துணி, சூடான பான்கேக்கோடு தவா. தொடக்கத்தில் ஒருமுறை, பாலத் தெருவுக்கு முன் ஒருமுறை, தேவாலய வாசலில் முடிவுக் கோட்டைத் தாண்டி ஒருமுறை பான்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும். விழுந்தால் பொறுக்கிக்கொண்டு ஓடலாம்; கடைசி வீச்சை முதலில் பிடிப்பவருக்கே வெற்றி.

மணி அடித்ததும் இமோஜென் பறந்தாள். லினெட் கடைசிக்கு முந்தியவர். பாலத் தெருவுக்கு முன்னால் எல்லோரும் தூக்கிப் போட்ட நேரம், ஆற்றுக் காற்று குறுக்கே வீசியது. இமோஜெனின் பான்கேக் மீன் கடைக் கூரைத்துணியில் போய் ஒட்டியது. மற்றவர்கள் தரையைத் துழாவினார்கள். லினெட் மட்டும் தோளைச் சாய்த்துக் காற்றுக்கு வழிவிட்டுத் தன் பான்கேக்கைத் தவாவில் வாங்கினார். எத்தனை குளிர்காலம் மேட்டுக் காற்றில் பலகையைப் பிடித்து நின்ற மணிக்கட்டு அது. இப்போது முன்னால் ஓடுவது அவர். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மேட்டுக்காரர்களின் கூச்சல் வானைப் பிளந்தது. இமோஜென் பான்கேக்கைத் தட்டி எடுத்துக்கொண்டு துரத்தினாள்.

அப்போதுதான் சந்திலிருந்து வில்ஃப் கேதர்கோல் தன் மூன்று சக்கர மின்வண்டியில் தெருவுக்குள் பாய்ந்தார். லினெட்டின் பக்கத்து வீட்டுக்காரர். அவரை உற்சாகப்படுத்தவே வந்தவர்.

லினெட் யோசிக்கவில்லை. நடுத்தெருவில் நின்றார், திரும்பினார், தவாவை நெட்டுக்குத் தூக்கிப் பிடித்தார். பான்கேக் நழுவித் தரையில் விழுந்தது.

ஓடி வந்த அத்தனை பேரும் நின்றார்கள். இமோஜென் நடைபாதை விளிம்புக்கு ஒதுங்கி, இரண்டு காலும் சேர்த்து, ஏழு வயதுப் பிள்ளையாக நின்றாள்.

"மன்னிச்சுக்கம்மா, நான் கட்சி மாறலை. பிரேக்குதான் கட்சி மாறிடுச்சு," என்றபடி வில்ஃப் மறுபக்கம் போய்ச் சேர்ந்தார்.

லினெட் குனிந்து பான்கேக்கை எடுத்தார். பின்னால் காலடிச் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒருத்தரும் அசையவில்லை. அவர் இன்னும் சொல்லவில்லையே. முடிவுக் கோடு கூப்பிடு தூரம். "ஓடு லினெட், ஓடு," என்று டெரன்ஸ் தொண்டை கிழியக் கத்தினார்.

லினெட் ஓர் அடி வைத்தார். நின்றார். விளிம்பில் யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை அவர்.

"இப்ப வரலாம்," என்றார்.

சொன்ன கையோடு ஓடினார். முட்டி முனகியது, இமோஜெனின் மூச்சு காதில் விழுந்தது, இருவரும் ஒன்றாகக் கோட்டை மிதித்தார்கள். கடைசி வீச்சு. இமோஜென் அவசரத்தில் உயரத் தூக்கினாள். அவளுடைய மெல்லிய பான்கேக்கைக் காற்று கொண்டுபோனது. லினெட்டுடையது தெரு மண்ணும் சரளையும் சேர்ந்து கனத்திருந்தது. ஒரு புரள் புரண்டு தொப்பென்று தவாவில் உட்கார்ந்தது.

கோட்டருகே நடுவராக நின்ற பாதிரியார் கையைத் தூக்கி லினெட்டைக் காட்டினார். மேடே தேவாலய வாசலில் குதித்தது. இமோஜென் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி, "நாற்காலி எனக்குத்தான் வேணும் மிஸஸ் பாப்ஜாய்," என்றாள்.

சாயங்காலம் பப்பில் செம்புத் தவாவை மாட்டினார்கள். ஆணி சுவர்ப்பூச்சோடு பெயர்ந்து கையில் வந்தது. மேட்டு வீட்டுச் சுவர்கள் அவ்வளவுதான். டெரன்ஸ் துளைபோடும் மிஷினைத் தேடி ஓடினார். அதுவரை தவாவைச் சுவரோடு தூக்கிப் பிடித்து நின்றவர், வேறு யார், லினெட்தான். அந்நேரம் கதவைத் திறந்து வந்தவர்கள் அவரைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வரிசை வெளியே பஸ் நிறுத்தம்வரை நீண்டது.